பழ ஈயின் தலைக்கட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டாசுக்கும் காலண்டருக்கும் பெயர்போன சிவகாசியில் ஈயைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஓர் ஆளா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். தப்பில்லை. ஆனால் இந்த விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று மலையடிவாரம் நெடுக மாந்தோப்புகள். அந்தத் தோப்புக்காரர்களிடம் போய்ப் பழ ஈ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

பழ ஈ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு குடும்பங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பழக்கடையில் கனிந்த வாழைத்தாரைச் சுற்றி மொய்க்கிற, எள்ளளவே உள்ள டிரோசோஃபிலா. பள்ளிப் பாடநூலில் வருவது இது. யாருக்கும் பெரிய கெடுதல் செய்யாது. அழுகத் தொடங்கியதில்தான் முட்டையிடும். இன்னொன்று பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். வீட்டு ஈயின் அளவு இருக்கும். குளவியோ என்று நினைக்கவைக்கும் மஞ்சள் கோடுகள். இது நல்ல காயைத் துளைத்து முட்டையிடும். தோப்பில் விழுந்து கிடக்கும் மாம்பழம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தோலில் குண்டூசி முனையளவு ஒரு புள்ளி, அதன்மேல் பால் கசிந்து உறைந்த ஒரு பிசின் துளி. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போகும். பிளந்தால் வெள்ளைப் புழுக்கள். முற்றிய புழு தலையையும் வாலையும் சேர்த்து வளைத்துச் சட்டென்று விடும். துள்ளிப் போய்த் தள்ளி விழும். அப்படியே மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிடும். கோடை உழவு போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இந்தக் கூட்டுப்புழு. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதற்குக் காரணமும் பெட்டியில் வந்த பழ ஈக்கள்தான். 2015 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

முதல் வகை ஈயை வைத்துக்கொண்டு அறிவியல் கற்றதை, இரண்டாம் வகை ஈயிடம் நாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இன்றைய பேச்சு.

தோப்பில் எத்தனை ஈ இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மரபியல்காரர்கள் கேட்பது வேறு கேள்வி. நம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சாட்டினால் வரி எப்படிப் போடுகிறோம்? ஊரில் எத்தனை உயிர் என்று எண்ணுவதில்லை. எத்தனை தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் குடும்பம், என்று எண்ணுகிறோம். ஐந்நூறு பேர் உள்ள ஊரில் தொண்ணூறு தலைக்கட்டு இருக்கலாம். அதுபோல, பறக்கிற ஈக்கள் எத்தனை ஆனாலும், அடுத்த தலைமுறைக்குத் தன் மரபணுவைக் கொடுத்துவிட்டுப் போகிறவை எத்தனை என்ற கணக்குத்தான் செயலுறு தொகை. 1931-இல் அமெரிக்க மரபியலாளர் செவால் ரைட் இதற்கு இலக்கணம் வகுத்தார். ஆணும் பெண்ணும் சரிபாதியாக, யாரும் யாருடனும் கூடக்கூடியதாக, தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை மாறாததாக ஓர் இலட்சியக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தில் மரபணுக்கள் தற்செயலாகத் தொலைந்துபோகும் வேகம், எத்தனை பேர் கொண்ட இலட்சியக் கூட்டத்தின் வேகத்துக்குச் சமமோ அந்த எண்தான் விடை. உண்மை உலகத்தில் அது பெரும்பாலும் தலைக் கணக்கைவிடக் குறைவாகவே வந்து நிற்கும்.

குறைவதற்கு முதல் காரணம் ஆண் பெண் விகிதம். இதற்கான சூத்திரம் எளியது: ஆண்களையும் பெண்களையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 500 ஆண், 500 பெண் என்றால் விடை 1000. இப்போது தோப்பில் மெத்தில் யூஜினால் பொறி வைக்கிறோம். அந்த வாசனைக்கு ஆண் ஈ மட்டும் ஓடி வரும். 495 ஆண்கள் பொறியில் செத்து, 5 மட்டும் தப்பின என்று வையுங்கள். பெண்கள் அப்படியே 500. தலைக் கணக்கு பாதிதான் குறைந்தது. செயலுறு தொகையோ 1000-லிருந்து சுமார் 20-க்கு விழுந்துவிட்டது.

அப்படியானால் வெற்றிதானே என்று கேட்பீர்கள். இல்லை. தப்பிய ஐந்து ஆண்களும் பல முறை கூடக்கூடியவை. காயைத் துளைப்பது பெண். அந்த ஆண்டு மகசூலுக்கு ஆகும் சேதத்தைத் தீர்மானிப்பது முட்டையிடும் பெண்களின் தலைக் கணக்கு. மரபணு வளத்துக்கு ஆகும் சேதத்தைச் சொல்வது செயலுறு தொகை. பொறி நிரம்பியிருப்பதைக் கண்டு மனம் நிறைகிற தோப்புக்காரருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. ஆண்களை அழித்தே இனத்தை அழிக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட ஓர் ஆண்கூட மிஞ்சக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் அப்படிச் செய்தே முடித்தார்கள். அது தீவு, சுற்றிலும் கடல். ராஜபாளையத்துத் தோப்புக்குச் சுற்றிலும் அடுத்தவர் தோப்பு.

மெத்தில் யூஜினால் வாசனையின் கவர்ச்சியைக் கண்டுபிடித்த கதையே இந்தியக் கதைதான். பீகாரில் உள்ள பூசாவில் அன்றைய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஃப். எம். ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் இருந்தார். கொசு கடிக்காமல் இருக்க அண்டை வீட்டார் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்த, கொசு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் வந்து மொய்த்தன. எல்லாம் ஆண் ஈக்கள். 1912-இல் இதைக் கட்டுரையாக்கினார்; தொடர்ந்து ஆராய்ந்து 1915-இல் மெத்தில் யூஜினாலின் கவர்ச்சியை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் தொங்குகிற பொறிகளுக்கு மூலம் அந்த அண்டை வீட்டு எண்ணெய். நம் வீட்டுத் துளசியிலும் அதே பொருள் இருப்பதால் துளசி இலையைக் கசக்கிப் போட்டுப் பொறி வைக்கிற பழக்கமும் உண்டு.

செயலுறு தொகை குறைவதற்கு இரண்டாவது காரணம் காலம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்த மண்ணுக்கு நேரே பொருந்துவதும் இதுதான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். கரிசலின் இந்த வறட்சியை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. ஈரம் சேராமல் மருந்து காயும். ஈக்கு அதே வறட்சி கண்டம். பழம் மலிந்த மாதங்களில் கூட்டம் லட்சத்தைத் தொடும். பழம் தீர்ந்து காற்றும் காய்ந்துவிட்டால் எங்கோ சில ஈக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்பது தலைமுறைகள் ஒரு லட்சமாக இருந்து, ஒரே ஒரு தலைமுறை மட்டும் நூறாகச் சுருங்கியது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி போட்டால் 90,010. ஆனால் தலைமுறைகளைக் கடந்த செயலுறு தொகைக்கு இசைச் சராசரிதான், அதாவது எண்களின் தலைகீழிகளுக்குச் சராசரி எடுத்து அதன் தலைகீழியைத்தான், போட வேண்டும். போட்டால் வருவது வெறும் 991. ஒன்பது நல்ல தலைமுறைகளின் செழிப்பை ஒரு கெட்ட தலைமுறை விழுங்கிவிட்டது. காரணம் விளங்கிக்கொள்ள எளிது. அந்த நூறு ஈக்களிடம் இல்லாத மரபணு வடிவம், பிறகு கூட்டம் எத்தனை லட்சமாகப் பெருகினாலும் திரும்ப வராது. புதிதாகச் சடுதிமாற்றம் நிகழ வேண்டும், அல்லது வெளியூரிலிருந்து ஈ வந்து சேர வேண்டும்.

இது வெறும் தாளில் போட்ட கணக்கா? 1956-இல் பீட்டர் பூரி என்பவர் கண்ணால் பார்க்கும்படி இதைச் செய்து காட்டினார். 107 டிரோசோஃபிலாக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுறைக்கு 8 ஆண், 8 பெண் மட்டும். கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்கள் எல்லாக் கூட்டங்களிலும் பாதிக்குப் பாதியாக இருந்தன. பிறந்தவற்றில் எதையாவது 16 எடுத்து அடுத்த தலைமுறைக்கு விடுவது, இவ்வளவுதான் வேலை. 19 தலைமுறைகள் முடிந்தபோது 30 கூட்டங்களில் ஒரு வடிவம் அடியோடு மறைந்திருந்தது. 28-இல் மற்றது மறைந்திருந்தது. மீதி 49-இல் மட்டும் இரண்டும் இருந்தன. எந்த வடிவமும் மற்றதைவிட உசத்தி அல்ல. குலுக்கல் சீட்டு விழுந்த விதம், அவ்வளவுதான். மரபணு நகர்வு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நகர்வின் வேகத்திலிருந்து கணக்கிட்டால், குடுவையில் இருந்த 16 ஈக்கள் 16 போல நடந்துகொள்ளவில்லை. அதைவிடக் குறைவான கூட்டம்போல நடந்துகொண்டன. ஆய்வுக்கூடத்தில் எண்ணி எண்ணிப் போட்ட ஈக்களிலேயே சில அதிகம் பெறுகின்றன, சில ஒன்றுமே பெறாமல் சாகின்றன.

ஆய்வுக்கூடத்தில் சரி, காட்டில் எப்படி அளப்பது? கிரேக்கத்தில் கிரிம்பாஸ், சாக்காஸ் என்ற இருவர் 1971-இல் ஒரு வழி காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆலிவ் பழ ஈ. நம் மாம்பழ ஈயின் உறவுக்காரப் பூச்சி. மருந்து அடித்த தோப்பில் மரபணு வடிவங்களின் விகிதம் காலப்போக்கில் மாறியதை அளந்து, இது இயற்கைத் தேர்வின் வேலையா, கூட்டம் சிறுத்ததால் வந்த தற்செயல் நகர்வா என்று கேட்டார்கள். விகிதம் எவ்வளவுக்கு எவ்வளவு ஆட்டம் காண்கிறதோ அவ்வளவுக்குச் செயலுறு தொகை சிறியது. பிற்பாடு நெய், தாஜிமா, வேப்பிள்ஸ் போன்றவர்கள் இதைப் புள்ளியியல் முறையாகச் செம்மைப்படுத்தினார்கள்.

மாணவர்கள் காகிதம் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு தோப்பில் 50 ஈ பிடிக்கிறோம். ஒரு மரபணு வடிவம் 50 விழுக்காடு இருக்கிறது. பத்துத் தலைமுறை கழித்து இன்னொரு 50 ஈ. இப்போது 40 விழுக்காடு. வேறுபாட்டின் வர்க்கம் 0.01. இதைத் தரப்படுத்த நெய்–தாஜிமா முறையில் 0.25-ஆல் வகுத்தால் 0.04. ஆனால் இதில் ஒரு பகுதி நாம் 50 ஈ மட்டுமே பிடித்ததால் வந்த பிசகு. அதன் அளவு நூறில் ஒன்றும் நூறில் ஒன்றும் சேர்ந்து 0.02. கழித்தால் மீதி 0.02. பத்துத் தலைமுறையை இதன் இரு மடங்கால், அதாவது 0.04-ஆல் வகுத்தால் 250. லட்சம் ஈ பறக்கும் தோப்பின் தலைக்கட்டு இருநூற்றைம்பதுதான் என்று பொருள்.

இப்போது சோம்பல்பட்டு, 50-க்குப் பதில் தடவைக்கு 25 ஈதான் பிடித்தீர்கள் என்று வையுங்கள். பிசகின் அளவு 0.04 ஆகிவிடும். 0.04-இல் 0.04 போனால் சுழியம். சுழியத்தால் வகுத்தால் தொகை எண்ணிலடங்காதது என்று கணினி சொல்லும். அதையும் அச்சிட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு மரபணுவை நம்பியும் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. நூற்றுக்கணக்கான இடங்களில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது: தற்செயல் நகர்வு மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரேபோல உலுக்கும், இயற்கைத் தேர்வு சில இடங்களை மட்டும் இழுக்கும். 2014-இல் பெர்க்லண்டும் கூட்டாளிகளும் பென்சில்வேனியாவில் ஒரு பழத்தோட்டத்து டிரோசோஃபிலாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் பருவத்துக்குப் பருவம் விகிதம் மேலும் கீழும் ஊசலாடுவதைக் காட்டினார்கள். அதைத் தற்செயல் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் தொகை பொய்யாகச் சிறுத்துத் தெரியும். ஒரே ஒரு முறை பிடித்த மாதிரியிலிருந்து கணக்கிடும் வழியும் இருக்கிறது. கூட்டம் சிறியதாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

இன்னொரு வழி, மிக நீண்ட காலத்தைப் பார்ப்பது. கூட்டத்தில் சேர்ந்திருக்கும் மரபணு வேறுபாட்டையும், சடுதிமாற்றம் நிகழும் வேகத்தையும் தெரிந்துகொண்டால் தொகை கிடைத்துவிடும். வேகத்தை அளக்க 2014-இல் கீட்லி குழுவினர் ஒரு டிரோசோஃபிலா தம்பதியையும் அவற்றின் 12 பிள்ளைகளையும் முழுதாக மரபணு வாசித்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகளிலும் சேர்த்துப் புதிய எழுத்துப் பிழைகள் ஆறே ஆறு. அதிலிருந்து அந்த இனத்தின் செயலுறு தொகை ஏறத்தாழ 14 லட்சம் என்று கணித்தார்கள். மனித இனத்துக்கு இதே வகைக் கணக்குப் போட்டால் சுமார் 10,000 வருகிறது. 800 கோடிப் பேர் இருந்துகொண்டு பத்தாயிரம்! நம் முன்னோர் கூட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை உடம்பு இன்னும் மறக்கவில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். செயலுறு தொகை என்று ஒரே ஒரு எண் கிடையாது. எந்தக் காலத்துக்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்கிறவரை நம்பாதீர்கள். இதற்குச் சான்று பூச்சிமருந்து. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைத்தான் மாலத்தியான் வகை மருந்துகள் முடக்குகின்றன. அந்த நொதியின் மரபணுவில் சில குறிப்பிட்ட எழுத்துகள் மாறினால் மருந்து பலிக்காது. டிரோசோஃபிலாவில் இந்த எதிர்ப்பு ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதல்ல, தனித்தனியே பல முறை தோன்றியது என்று 2010-இல் காரசோவ், மெஸ்ஸர், பெட்ரோவ் மூவரும் காட்டினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அது நடக்க வேண்டுமானால் தொகை 14 லட்சம் போதாது. பத்துக் கோடிக்கு மேல் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இரண்டு எண்ணும் சரிதான். நீண்ட வரலாற்றின் பழைய பஞ்சங்களையெல்லாம் சுமந்து நிற்பது 14 லட்சம். இன்று மருந்து அடிக்கும் வேளையில் களத்தில் இருக்கும் பட்டாளம் பத்துக் கோடி. எனவே, ஈ மலிந்திருக்கும் நேரத்தில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் எதிர்ப்பை விலைகொடுத்து வாங்கும் வழி. அதற்கான சடுதிமாற்றம் அந்தக் கூட்டத்தில் எங்கோ ஏற்கெனவே பிறந்திருக்கும்.

ஈ ஒடுங்கியிருக்கும் நேரத்தில் கை வைத்தால் கதை வேறு. மாம்பழக் காலம் முடிந்த பிறகு கொல்லைப்புறக் கொய்யாவிலும் சப்போட்டாவிலும் ஒண்டிக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு வித்தாக நிற்கிற அந்தச் சிறு கூட்டம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதே நம் மாவட்டத்துக்கு வேண்டிய எண். என்னைக் கேட்டால், தோப்பில் காய் தொங்கும்போது பொறிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, காய் இல்லாத மாதங்களில் ஊருக்குள் செலவிடலாம். அதையும் ஒரு தோப்புக்காரர் தனியாகச் செய்து பயனில்லை. ஈ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். பழம் ஏற்றிய லாரி அதைவிடத் தூரம் கொண்டுபோகும். ஜப்பானில் பாகற்காய், பூசணியைத் தாக்கும் ஈயைக் கூமே தீவில் 1978-இல் ஒழித்து, ஒகினாவா முழுவதும் ஒழித்து முடிக்க 1993 ஆனது. தீவு தீவாக, ஊரே சேர்ந்து செய்த வேலை.

இந்த வகை வேலைக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்; இந்தியாவில் டிரோசோஃபிலா ஆய்வுக்குப் பஞ்சமில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. குப்தா 1970-இல் முதுகில் வெள்ளிக்கோடு ஓடும் ஓர் ஈக்கு சாப்ரியோனஸ் இண்டியானஸ் என்று பெயரிட்டார். மூலத்தில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த ஈ 1999-இல் பிரேசிலுக்குப் போய் அத்திப்பழத் தோட்டங்களை ஒரு கை பார்த்தது. அதே பல்கலைக்கழகத்தில் பி. என். சிங் டிரோசோஃபிலா அனனாசேவின் குரோமோசோம் மாறுபாடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2004-இல் அபரூப் தாஸ், மொஹந்தி, ஸ்டெஃபான் மூவரும் இந்தியா உட்படப் பல நாடுகளின் அனனாசே ஈக்களின் மரபணுவை ஒப்பிட்டு, அதன் ஆதி இருப்பிடம் தென்கிழக்காசியா என்றும், மனிதனோடு சேர்ந்து அது மற்ற இடங்களுக்குப் பரவியது என்றும் காட்டினார்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் டிரோசோஃபிலா வகைகளைப் பேணும் மையமே இருக்கிறது.

செயலுறு தொகைக் கணக்கு ஈயோடு நிற்கவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-இல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமாயிற்று. ஓர் இனம் உடனடி ஆபத்திலிருந்து தப்ப 50, நீண்ட காலம் நிலைக்க 500 என்ற செயலுறு தொகை வேண்டும் என்று 1980-இல் ஃபிராங்க்ளின் சொன்ன அளவுகோல் உலகெங்கும் வனத்துறைகளின் வாயில் புழங்குகிறது. அந்த 500 எங்கிருந்து வந்தது தெரியுமா? டிரோசோஃபிலாவின் உடம்பிலுள்ள முட்களில் சடுதிமாற்றம் எவ்வளவு வேறுபாட்டைச் சேர்க்கிறது என்ற கணக்கிலிருந்து. நம் அணிலுக்கு ஈயின் முள்ளில் அளவெடுத்துத் தைத்த சட்டை அது. சரியாகப் பொருந்துமா என்பது தனி விவாதம்.

விலங்கியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். விகித மாற்றத்திலிருந்து தொகையை அளக்கும் காலமுறைக் கணக்குக்கு இரண்டு மாதிரிகள் வேண்டும். இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம். முதலாவதைப் பின்னால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பிடிக்க முடியாது. மரபணு வாசிக்க இன்று உங்களிடம் கருவி இல்லாமல் இருக்கலாம். ஈயைப் பிடித்து எத்தனால் ஊற்றிய குப்பியில் போட்டு, குளிர்பெட்டியில் வைக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மலையடிவாரத்தில் பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கொல்லை, சிவகாசியில் ஒரு பழக்கடை, விருதுநகரில் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு முறை, அதே இடம், அதே மாதம், தடவைக்கு ஐம்பதுக்குக் குறையாமல். குப்பிக்குள்ளேயே பென்சிலில் எழுதிய சீட்டு: ஊர், தேதி, எந்தப் பழம், பிடித்தவர் பெயர். பேனாவில் எழுதாதீர்கள், எத்தனாலில் மை கரைந்துவிடும். துறைத் தலைவர் மாறலாம், மாணவர்கள் படிப்பு முடிந்து போகலாம்; குப்பிகளை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் குப்பியை இந்தக் கோடையிலேயே நிரப்புங்கள்.